வீட்டின் விலையும் வீடு கட்டும் செலவும்: கத்ரீனாவுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



பேரிடரும் மறுவாழ்வும் என்ற பரந்த தலைப்பில் பேசச் சொன்னார்கள். பரந்த தலைப்பில் பேசினால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் சொல்லாமல் இறங்கிவிடுவோம் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆகவே ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அந்த மாநிலத்தின் கரையைக் கடந்தது. நகரத்தின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. மக்கள் குடியிருந்த வீடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, அதாவது சுமார் 1,34,000 வீடுகள், சேதமடைந்தன.

நமது கரையில் சுனாமி அடித்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தும் இந்திய விமானப்படை விமானம் ஒன்று போர்வைகளையும் தார்ப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு போய் அர்கன்சாஸ் மாநிலத்தில் இறக்கியது. உலகின் மிகப் பெரிய பணக்கார நாட்டுக்கு நாம் போர்வை அனுப்பிய ஆண்டு அது. அந்த நாட்டிடம் பணம் இருந்தது; கொடுக்கவும் செய்தது. பிறகு ஏன் அந்த ஊர் மக்களில் ஏராளமானோர் பல ஆண்டுகள் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள்? இன்று நான் கேட்கும் கேள்வி இதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு கட்டக் கொடுக்கும் உதவியை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதே யார் ஊர் திரும்புவார், யார் திரும்பமாட்டார் என்பதைத் தீர்மானிக்கிறது. மொத்தத்தில் எவ்வளவு பணம் ஒதுக்கினோம் என்பது அதற்கு அடுத்ததுதான். நியூ ஆர்லியன்ஸில் அளவுகோலாக வைத்தது புயலுக்கு முந்தைய சந்தையையும் புயலுக்கு முந்தைய காகிதங்களையும். அவை இரண்டுமே பல தலைமுறைகளாக ஒருபக்கம் சாய்ந்தவை. வெள்ளம் பணக்காரர் வீட்டுக்குள்ளும் ஏழை வீட்டுக்குள்ளும் புகுந்தது. உதவிப் பணம்தான் பழைய மேடு பள்ளத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தது.

1. வெள்ளத்துக்கு யார் பொறுப்பு

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது காற்றும் மழையும் மட்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. நகரத்துக்குள் நீண்டு வரும் கால்வாய்களின் தடுப்புச்சுவர்கள் உடைந்ததுதான் பேரழிவுக்குக் காரணம். பதினேழாம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே சுவர் சரிந்தது. அந்தச் சுவர்களை வடிவமைத்துக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. தங்கள் வடிவமைப்பில் பிழை இருந்ததை அந்தப் படையே 2006 ஜூனில் ஒப்புக்கொண்டது. ஆனால் வெள்ளத் தடுப்புப் பணிகளில் மத்திய அரசின் மீது நஷ்டஈடு கோர முடியாதபடி 1928-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கவசமாக நின்றது.

வெள்ள அபாய வரைபடத்தில் காப்பீடு கட்டாயமில்லை என்று குறிக்கப்பட்டிருந்த தெருக்களும் மூழ்கின. அரசாங்கம் கட்டிய சுவரையும் அரசாங்கம் போட்ட வரைபடத்தையும் நம்பித்தான் மக்கள் அங்கே குடியிருந்தார்கள். ஆகவே பிறகு வந்த உதவியைத் தருமம் என்று பேசுவது தவறு. அது கடன்பட்டவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். தருமம் என்று நினைத்துக் கொடுத்ததால்தான் வாங்குபவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் விதிகள் எழுதப்பட்டன என்பது என் எண்ணம்.

வெள்ளம் வடிந்த பிறகு மீட்புக் குழுவினர் வீடு வீடாகப் போய்க் கதவோரச் சுவரில் பெயின்ட்டால் பெரிய பெருக்கல் குறி போட்டார்கள். குறியின் இடப்பக்கம் குழுவின் பெயர், மேலே தேதி, வலப்பக்கம் உள்ளே இருக்கும் ஆபத்து, கீழே உள்ளே உயிரோடோ உயிரின்றியோ கண்டவர்களின் எண்ணிக்கை. பெரும்பாலான வீடுகளில் கீழே பூஜ்யம்தான். அந்தக் குறியை அழிக்காமலே பல ஆண்டுகள் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அரசாங்கம் அந்த வீட்டைப் பற்றிப் பதிந்த முதல் குறிப்பு அது. அடுத்து வந்த குறிப்புகள் எல்லாம் ரூபாய் அணாக் கணக்கு.

2. பச்சைப் புள்ளிகள்

மேயர் ரே நேகின் அமைத்த குழு 2006 ஜனவரியில் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அதையொட்டி ‘டைம்ஸ் பிக்கயூன்’ நாளிதழில் நகர வரைபடம் வெளிவந்தது. அதில் சில பகுதிகளின் மேல் பச்சை வட்டங்கள். அந்த இடங்கள் பூங்காவாகவும் நீர்ப்பிடிப்புப் பகுதியாகவும் மாறலாம் என்று பொருள். டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் விடுதி அறைகளில் தங்கியிருந்த குடும்பங்கள், தங்கள் தெரு பச்சை வட்டத்துக்குள் இருப்பதைப் பத்திரிகை வழியாகத் தெரிந்துகொண்டன. போதாக்குறைக்கு, கட்டட அனுமதியை நான்கு மாதம் நிறுத்திவைக்க வேண்டும், அதற்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் போதுமான பேர் திரும்புவார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றும் குழு சொன்னது.

தாழ்வான நிலத்தை விட்டு விலகுவது அறிவியல்படி சரியான யோசனையாகக்கூட இருக்கலாம். மாற்று இடம் எங்கே, யார் கட்டித் தருவார் என்பதற்கு அந்த வரைபடத்தில் பதில் இல்லை. ஊர் கொதித்தது, மேயர் பின்வாங்கி, எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்றார். பச்சை வட்டம் விழுந்த பிராட்மூர் பகுதி மக்கள் தாங்களே தெருத் தெருவாகக் கணக்கெடுத்து, தாங்களே திட்டம் எழுதி, பள்ளியையும் நூலகத்தையும் மீட்டார்கள். இன்று அது உயிர்ப்புள்ள பகுதி. ஆனால் அங்கே வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாத் தெருவிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பதில்லை.

3. சூத்திரம்

இனி உரையின் மையத்துக்கு வருகிறேன். ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவின் அரசு 2006-இல் ‘ரோடு ஹோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பணம் மத்திய அரசுடையது, நடத்தியது மாநிலம், வேலையைச் செய்தது ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனம். மொத்தத்தில் சுமார் 900 கோடி டாலர் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 1,30,000 வீட்டு உரிமையாளர்களுக்குப் போயிற்று. அமெரிக்க வரலாற்றில் வீடு கட்ட அதுவரை இவ்வளவு பெரிய திட்டம் வந்ததில்லை.

உரிமையாளர் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. அதே இடத்தில் கட்டலாம். அரசுக்கு விற்றுவிட்டு லூசியானாவுக்குள் வேறு வீடு வாங்கலாம். விற்றுவிட்டு மாநிலத்தை விட்டே போகலாம். அதே இடத்தில் கட்டுபவருக்கு உச்சவரம்பு 1,50,000 டாலர். தொகையைக் கணக்கிட்ட விதம்தான் விஷயம். புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை என்ன, இப்போது சரிசெய்ய ஆகும் செலவு என்ன என்று பார்ப்பார்கள். இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து காப்பீட்டுப் பணத்தையும் மற்ற அரசு உதவியையும் கழிப்பார்கள். மீதம்தான் மானியம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள். ஒன்று லேக்வியூவில், அங்கே பெரும்பாலும் வெள்ளையர்கள். இன்னொன்று லோயர் நைன்த் வார்டில்; அங்கே ஏறத்தாழ எல்லோரும் கறுப்பினத்தவர். இரண்டிலும் கூரை வரை தண்ணீர். இரண்டையும் சரிசெய்ய 1,50,000 டாலர் ஆகும். மரமும் ஆணியும் கூலியும் இரண்டு பகுதிக்கும் ஒரே விலைதானே. லேக்வியூ வீட்டின் பழைய சந்தை விலை 2,00,000. லோயர் நைன்த் வார்டு வீட்டுக்கு 80,000. இருவருக்கும் காப்பீட்டில் 30,000 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேக்வியூக்காரருக்குக் குறைவான எண் 1,50,000. அதில் 30,000 கழித்தால் 1,20,000 மானியம். காப்பீட்டையும் சேர்த்தால் முழுச் செலவும் கையில். லோயர் நைன்த் வார்டுக்காரருக்குக் குறைவான எண் 80,000. அதில் 30,000 போனால் மானியம் 50,000. காப்பீட்டைச் சேர்த்தாலும் 80,000தான். மீதி 70,000 டாலருக்கு அவர் எங்கே போவார்? வங்கி கடன் கொடுக்காது; கொடுத்தால் அடைக்க வருமானம் இல்லை. பாதி கட்டிய வீட்டோடு நின்றுவிடுவார். இல்லையென்றால் வீட்டை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த 80,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1930-களில் மத்திய அரசின் வீட்டுக் கடன் அமைப்பு நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணத்தில், கடன் கொடுக்கத் தகாதவை என்று குறிக்கப்பட்டன. கடன் வராத இடத்தில் விலை ஏறாது. சாலை, வடிகால், பள்ளி எல்லாம் பின்தங்கும். அப்படிப் பல பத்தாண்டுகள் இறங்கிக் கிடந்த விலையைத்தான் 2006-இல் ஒரு கணினிச் சூத்திரம் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அதை எழுதியவர் மனதில் இனவெறி இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தை விலை நடுநிலையானது என்று நம்பியிருந்தால் போதும்.

2008-இல் நியாய வீட்டுரிமை அமைப்புகளும் சில வீட்டு உரிமையாளர்களும் வாஷிங்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இந்தச் சூத்திரத்துக்கு மேல் தனியாக இருந்த கூடுதல் மானியத்துக்கு 50,000 டாலர் என்று வைத்திருந்த உச்சவரம்பு 2009-இல் நீக்கப்பட்டது. 13,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மேலும் பணம் போனது. 2011 ஜூலையில் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது மேலும் 6.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. ஆறு ஆண்டில் ஒரு குழந்தை வேறொரு ஊரில் தொடக்கப் பள்ளியை முடித்துவிடும்.

2022 டிசம்பரில் புரோபப்ளிக்கா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் நியூ ஆர்லியன்ஸ் செய்தி ஊடகங்களோடு சேர்ந்து மானியத் தரவுகளை அலசி வெளியிட்டது. நகரின் மிக ஏழ்மையான பகுதிகளில் எல்லா உதவியும் போக, மக்கள் தங்கள் கையிலிருந்து போட வேண்டியிருந்தது மறுகட்டுமானச் செலவில் 30 விழுக்காடு. வசதியான பகுதிகளில் அது 20 விழுக்காடு. நேர்மாறாக இருந்திருக்க வேண்டிய எண்கள் இவை.

இன்னொரு கிளைக் கதையும் உண்டு. வீட்டைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்ட 30,000 டாலர் தனி மானியம் கொடுத்தார்கள். அடிப்படை வேலைக்கே பணம் போதாதவர்கள் அதையும் சுவருக்கும் கூரைக்கும் செலவழித்தார்கள். அப்படிச் செய்யலாம் என்று திட்ட ஊழியர்களே தங்களிடம் சொன்னதாகப் பலர் பின்னாளில் கூறினார்கள். வீட்டை உயர்த்தவில்லை என்று சொல்லி மாநில அரசு சுமார் 3,500 பேர் மீது வழக்குப் போட்டது. புயலில் வீட்டை இழந்த முதியவர் வீட்டு வாசலுக்குப் புயலுக்குப் பல ஆண்டுகள் கழித்து நீதிமன்ற அழைப்பாணை வந்தது. 2023 பிப்ரவரியில்தான் அரசு அந்த வழக்குகளைக் கைவிட்டது.

4. பத்திரம் யார் பெயரில்

சூத்திரத்துக்குள் நுழையவே ஒரு வாசல் உண்டு. வீடு உங்களுடையது என்று காட்ட வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் பழைய கறுப்பினப் பகுதிகளில் வீடு பாட்டனிடமிருந்து பேரனுக்கு வாய்வழியாக வந்தது. லோயர் நைன்த் வார்டு ஏழைப் பகுதி என்றாலும், அங்கே பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டில்தான் இருந்தன. நகரச் சராசரியைவிட அது அதிகம். பாட்டி இறந்துபோனார், கடைசி மகள் அந்த வீட்டிலேயே இருந்தாள், வரி கட்டினாள். வாரிசு வழக்குப் போட்டுப் பெயர் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு வக்கீல் செலவும் ஆகும். லூசியானா பிரெஞ்சு சட்ட மரபைப் பின்பற்றும் மாநிலம். சட்டப்படி அந்த வீட்டில் கலிபோர்னியாவில் இருக்கும் தம்பிக்கும், இறந்துபோன அண்ணனின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால்தான் மானியம்.

இந்த அரங்கில் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளியின் கையெழுத்துக்காக எத்தனை ஆண்டு அலைந்திருக்கிறோம்! அங்கே வாரிசுதாரர்கள் புயலால் பல மாநிலங்களுக்குச் சிதறிக் கிடந்த நேரத்தில் அந்தக் கையெழுத்தைக் கேட்டார்கள். ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கான வாரிசுக் கோப்புகளை ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். என் மதிப்பீட்டில் நியூ ஆர்லியன்ஸ் மறுவாழ்வின் உண்மையான பொறியாளர்கள் அவர்கள்தான்.

5. வாடகைக் குடும்பங்கள்

கத்ரீனாவுக்கு முன் நியூ ஆர்லியன்ஸ் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருந்தவை. ரோடு ஹோம் மானியம் உரிமையாளருக்கு. வாடகைக்காரர் இழந்த கட்டில், பாத்திரம், வேலை, தெரு, அக்கம்பக்கம் எதற்கும் அந்தச் சூத்திரத்தில் கட்டம் இல்லை. சிறு வாடகை வீடுகளுக்கென ஒரு துணைத் திட்டம் இருந்தது. அதில் வீட்டுக்காரர் முதலில் தானே கடன் வாங்கிச் சரிசெய்து, குடிவைத்து, பிறகுதான் அரசிடம் பணம் பெற வேண்டும். இரண்டு போர்ஷனில் ஒன்றை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் விதவைக்கு யார் கடன் கொடுப்பார்? திட்டம் படுத்துவிட்டது; பின்னர் விதியை மாற்றினார்கள்.

அரசுக் குடியிருப்புகளின் கதை இன்னும் கசப்பானது. செயின்ட் பெர்னார்ட், லஃபீட், சி.ஜே. பீட், பி.டபிள்யூ. கூப்பர் என்ற நான்கு பெரிய வளாகங்களில் ஏறத்தாழ 4,500 வீடுகள். செங்கல் கட்டடங்கள், பலவற்றைச் சுத்தம் செய்து திறந்திருக்கலாம் என்று கட்டடக்கலை அறிஞர்கள் சொன்னார்கள். 2007 டிசம்பர் 20 அன்று நகர மன்றம் ஒருமனதாக இடிக்க முடிவு செய்தது. வெளியே வாயிற்கதவில் நின்ற குடியிருப்போர் மீது போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. அந்த இடங்களில் பிறகு எழுந்த குடியிருப்புகள் அழகானவை, பாதுகாப்பானவை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பழைய வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் அங்கே முன்பு இருந்ததில் ஒரு பங்குதான்.

பக்கத்து நிர்வாகப் பகுதியான செயின்ட் பெர்னார்ட் பாரிஷ் 2006-இல் ஒரு சட்டமே போட்டது. தனி அனுமதி இல்லாவிட்டால் உரிமையாளர் தன் ரத்த உறவினருக்கு மட்டும்தான் வீட்டை வாடகைக்கு விடலாமாம். உரிமையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எனவே இனத்தின் பெயரை எழுதாமலே காரியம் முடிந்தது. நீதிமன்றம் வரை போய்த்தான் அதை விலக்க முடிந்தது.

6. திரும்பி வந்தவர்கள்

நகரின் கிழக்கு ஓரத்தில் வில்லேஜ் டி லெஸ்ட் என்ற பகுதி. 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் வாழ்வது. வியட்நாமின் அரசி மரியாள் ஆலயத்தின் பங்குத்தந்தை வியென் தலைமையில் அவர்கள் 2005 அக்டோபரிலேயே திரும்பிவிட்டார்கள். எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. மின் நிறுவனம் ஆளில்லாத இடத்துக்கு மின்சாரம் எதற்கு என்று தயங்கியபோது, திரும்பிய குடும்பங்களின் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் பகுதிக்கு அருகே இடிபாட்டுக் குப்பைக்கிடங்கு திறந்தபோது போராடி மூடவைத்தார்கள். ஒருமுறை வீட்டை இழந்து கடல் கடந்தவர்கள், இரண்டாவது முறை அகதியாக மறுத்தார்கள்.

நல்ல மனமும் நிறையப் பணமும் இருந்தும் தவறிய முயற்சி ஒன்றும் உண்டு. நடிகர் பிராட் பிட் தொடங்கிய அமைப்பு லோயர் நைன்த் வார்டில் 150 வீடு கட்டத் திட்டமிட்டு 109 கட்டியது. பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த வீடுகள். அந்த ஈரக் காற்றுக்கும் மழைக்கும் தாங்காமல் மரம் உளுத்தது, கூரை ஒழுகியது. 2018-இல் குடியிருந்தவர்களே வழக்குப் போட வேண்டிவந்தது. அதே ஊரில் தாழ்வாரமும் கூரைச் சரிவும் வைத்து நூறாண்டு நின்ற மர வீடுகள் கண்முன்னே இருந்தன.

2000-இல் லோயர் நைன்த் வார்டில் 14,008 பேர் இருந்தார்கள். 2010-இல் 2,842 பேர். நகரம் முழுவதும் அதே காலத்தில் 4,84,674-இலிருந்து 3,43,829 ஆனது; 2020-இல் 3,83,997. இதற்கிடையே சுமார் 1,450 கோடி டாலர் செலவில் புதிய தடுப்புச்சுவர்கள் எழுந்தன. 2021-இல், கத்ரீனா வந்த அதே ஆகஸ்ட் 29-இல் ஐடா புயல் வந்தபோது அந்தச் சுவர்கள் தாங்கின. திரும்பாதவர்களுக்கு அந்தச் சுவர் பயன்படவில்லை.

ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மானியக் கணக்கைப் பகுதிவாரியாக அலசி வெளியிட்ட பிறகுதான் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது என்ன என்பது எண்களாக முழுமையாகத் தெரிந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்திலும் தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் அழித்த வீடுகளின் நிவாரணப் பட்டியல்கள் நமது தாலுகா அலுவலகங்களில் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு, எந்த விதியின்படி, பட்டா இல்லாதவர் எத்தனை பேர், வாடகைக்கு இருந்தவர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த மக்கள் இன்னும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடமே சரிபாருங்கள். உங்களில் நான்கு பேர் தலைக்கு ஒரு தாலுகா எடுத்துக்கொண்டால், அடுத்த புயலுக்கான அரசாணையை எழுதும் அதிகாரியின் மேசையில் அந்த அறிக்கை இருக்கும்.